பாப்பா பேரில் ஒரு காளான்

— ஏங்க, பாப்பா பேருக்குப் பின்னால இது என்ன, வால் மாதிரி?

— லத்தீன். அதாவது, புதுசா ஒரு காளானக் கண்டுபிடிச்சா உலகம் பூரா லத்தீன்லதான் பேர் வைக்கணும். ஒரு தடவ அச்சுல வந்துட்டா எவனாலயும் அழிக்க முடியாது. நம்ம புள்ள பேர் நமக்கப்புறமும் நிக்கும்.

— அவளக் கொன்ன காளான்மேல.

— அது வேணும்னேவா கொன்னுச்சு?

— நாளைக்கு எங்கயோ ஒரு புள்ள இதத் தின்னுட்டு ஆஸ்பத்திரியில கெடக்கும். என்னத்தத் தின்னான்னு கேட்டா, நம்ம புள்ள பேரச் சொல்லுவாங்க. அந்தப் பெத்தவ வயிறெரிஞ்சு திட்டுறது யாரை?

— பேர்னு ஒண்ணு இருந்தாத்தானேம்மா எச்சரிக்கவே முடியும்?

— அதுக்கு அவ பேர்தான் கெடச்சுதா? உங்க பேர வைங்க.

— சொந்தப் பேர வைக்கிற வழக்கமில்ல. எங்காளுங்க சிரிப்பாங்க.

— அப்ப உங்க ஆராய்ச்சி நிலைய டைரக்டர் பேர வைங்க. குணம் பொருந்தும்.

— விளையாடாத. சாயங்காலம் கட்டுரைய அனுப்பணும். சரின்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்.

— இது புதுசுன்னு எத வச்சுக் கண்டுபிடிச்சீங்க?

— காம்புக்கு அடியில, மண்ணுக்குள்ள, ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். தோண்டினாத்தான் தெரியும். அதாவது, மேலாப்புல பாத்தா திங்கிற காளானேதான். விவரம் தெரிஞ்சவனே ஏமாந்துருவான்.

— பாப்பா கிள்ளித்தானே கொண்டு வந்தா.

— ஆமா. அடிப்பாகம் மண்ணுலயே நின்னுபோச்சு. அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

— அவளுக்குத் தெரியாதுதான். அதனாலதான் கேட்டா.

— யாரக் கேட்டா?

— நான் கொடியில துணி போட்டுக்கிட்டு இருந்தேங்க. உங்க ரூம் ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு. 'இது என்ன காளான்ப்பா'ன்னு கூடைய நீட்டினா. வேலைக்குக் கெளம்புற அவசரத்துல ஒரு பார்வ பாத்துட்டு, லத்தீன்ல என்னமோ பேரச் சொல்லி, திங்கிறதுதான்னீங்க.

— ஏன் இவ்வளவு நாளா கேக்கல?

— நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். இப்ப வரைக்கும் வாயத் தொறக்கல.

— எனக்கு வேற வழி தெரியலம்மா. அவளுக்குன்னு இது ஒண்ணாவது செய்யலாம்னு...

— எனக்குக் காளான் வாடையே ஆகாது. நீங்களும் போயிட்டீங்க. நீங்க அன்னிக்கு அதுக்கு வச்ச பேர நம்பி, என் புள்ள ஒத்தையா உக்காந்து சாப்பிட்டா.