தவணை கேட்டு ஒரு பதில்

என் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால்தான், ஐயா, நீதிமன்றத்துக்குப் பதில் எழுதும் படிவத்தைச் சயோ அக்கா என்னிடம் கொண்டுவந்தார்.

ஒசாகாவில் ஒரு கியோசா கடையில் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று, மாவுத்தோலில் பூரணம் வைத்து மடிப்பவர்கள். மாலையில் நான் உங்கள் சட்ட வகுப்புக்கு வருவதால் அவருக்கு நான் 'வக்கீல் தம்பி'. அவரோடு நின்றால் நேரம் போவதே தெரியாது.

ஒரு கடன் நிறுவனம் அவர் மீது வழக்குப் போட்டிருந்தது. அவர் கடைசியாகப் பணம் கட்டி ஏழு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. பதில் எழுதும் முன்பே, அந்த நிறுவனத்தாருக்குக் கொடுக்க ஒரு பெட்டி இனிப்பு வாங்கிவிட்டார். நான் சிரித்தேன்.

"சிரிக்காத தம்பி. இத்தனை வருஷம் காக்க வெச்சிருக்கேன். வெறுங்கையோடயா போறது?"

கடன் தீர்ந்ததும் வடக்கே தொலைவில் உள்ள அவோமோரிக்கே போய்விடுவேன் என்றார். அங்கே முன்னாள் கணவரின் அக்கா வீட்டில்தான் சயோ அக்காவின் மகள் சிஹோ வளர்கிறாள். கடனோடு வந்தால் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தாராம்.

இப்படிப்பட்ட கடனுக்கு ஐந்து வருடம் கடந்துவிட்டால், 'காலம் கடந்துவிட்டது' என்று பதிலில் ஒரு வரி போதும். அன்றோடு கடன் இல்லை. ஆனால் அதைக் கடனாளிதான் சொல்ல வேண்டும்; நீதிபதி எடுத்துக்கொடுக்க மாட்டார். நீங்கள் நடத்திய பாடம்தான், ஐயா. என் மீதே எனக்கு நம்பிக்கை குறைவு என்பதால் புத்தகத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

படிவத்தில் 'தவணையில் கட்ட விரும்புகிறேன்' என்றும் ஒரு கட்டம் உண்டு. அதில் குறியிட்டால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு காலம் கடந்ததைப் பேச முடியாது.

"எதுல குறி போடணும் தம்பி? எது மரியாதையா இருக்கும்?"

"தவணைதான்க்கா மரியாதை."

நானே போட்டேன். குறி சற்றுக் கோணலாகிவிட்டதோ என்பதுதான் அன்று என் கவலை.

நேற்று நீங்கள் கடைக்கு வந்தபோது, "எங்க வக்கீல் தம்பிதான் எழுதிக் குடுத்தான்" என்று அக்கா உங்களிடம் பெருமையடித்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அதனால் எழுதுகிறேன். தெரிந்துதான் செய்தேன். அவர் போயிருந்தால் என் பக்கத்தில் யார் நின்றிருப்பார்கள்?

தவணை கட்டும் நாளில் இருவரும் ராமென் சாப்பிடுகிறோம். சிரிப்புக்குக் குறைவே இல்லை. சிஹோ இப்போதெல்லாம் அம்மாவைத் தொலைபேசியில் அழைப்பதில்லை; அந்த வயதுப் பெண்கள் அப்படித்தான். அக்காவுக்குக் கையைக் கடிக்கும் மாதங்களில் பாதித் தவணையை நானே கட்டுகிறேன். கடன் தீரக் கூடாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மெதுவாகத் தீர்ந்தால் போதும்.