பூரணி சரி சொன்ன பிறகு

எங்கள் ஒபிஸில் மத்தியானச் சோற்றை அவரவர் மேசையிலேயே சாப்பிட்டுவிடுவார்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, சேர். விசாரணைக்கு ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு இதுதான் ஆரம்பம்.

ஹட்டன் பஜாரில் ஜனகனின் அப்பா வைத்திருக்கும் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில்தான் ஒபிஸ். ஜனகன்தான் பொறுப்பு. நாங்கள் ஐந்து பேர் மென்பொருள் எழுதுகிறோம். வயதிலும் அனுபவத்திலும் நான் மூத்தவள். முன்பெல்லாம் காலையில் நான் கதிரையில் உட்காருவதற்குள் யாராவது வந்துவிடுவார்கள். "பூரணியக்கா, இது ஏன் ஓட மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்." பார்ப்பேன். பக்கத்தில் நின்றபடியே வீட்டுக் கதையும் சொல்வார்கள். யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் கட்டாருக்குப் போகப் போகிறார்கள், எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு எல்லார் கணினியிலும் கோட் எழுதித் தரும் ஏஐ உதவியாளர் வந்தது. கேட்க வேண்டியதை அதனிடமே கேட்டுக்கொண்டார்கள். அது எரிச்சல்படாமல் பதில் சொல்லும். நானும் எரிச்சல்பட்டதில்லை.

டிக்கோயா ரோட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அம்மா இறந்த பிறகு எங்கள் ஊர் ராகலைக்குப் போக எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. சில திங்கட்கிழமைகளில் ஒபிஸுக்குள் நுழைந்து வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும். சனி ஞாயிறு முழுக்க ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கும்.

ஒவ்வொருவரும் தன் உதவியாளருக்குத் தன்பாட்டில் கட்டளை கொடுத்ததால் கோட் ஆளுக்கொரு விதமாக வந்து நின்றது. ஜனகன் ஒரு யோசனை சொன்னான்.

"அக்கா, கட்டளை எல்லாத்தையும் பொதுவா ஒரே இடத்துல வைப்போம். எல்லாரோட ஏஐயையும் அதோட இணைச்சிருவோம். எந்த வேலைய தொடங்கினாலும் அதை வாசிச்சிட்டுத்தான் தொடங்கும். நீங்களே பாத்துக்குங்க."

இணைத்தேன். சுத்தமான வேலை, அதில் இப்போதும் எனக்குத் திருப்தி உண்டு. நான் ஒரு வரி எழுதினால் ஐந்து உதவியாளர்களும் அதன்படி நடக்கும். பெயர் எப்படி வைப்பது, பிழையை எங்கே பதிவது என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஒருநாள் இன்னொரு வரியையும் சேர்த்தேன். வெளியாட்களுக்குப் போகும் எந்த மெசேஜும் பூரணி சரி சொன்ன பிறகே போக வேண்டும்.

ஜனகன் அதைப் பார்த்தான். "நல்லதுதான். தப்பா ஒண்ணும் வெளிய போயிறாது" என்றான். எனக்கும் அந்தக் காரணம் பிடித்திருந்தது.

மறுபடி என் மேசைக்கு ஆட்கள் வந்தார்கள். மரக்கறி வியாபாரிகளுக்கு விலை அனுப்ப வேண்டும், யாருக்கோ பில் அனுப்ப வேண்டும். "அக்கா, கொஞ்சம் ஓகே குடுங்களேன்." திரையில் ஓகேயை உடனே அமுக்கிவிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். கொஞ்சம் தாமதித்தால் வருவார்கள். இதைப் பழகிக்கொள்ள எனக்கு அதிக நாள் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் வேலை வந்தது. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் மேல் டிவிசன் லயத்துக்குப் பின்னால் மழைக்கு மண் சரியக்கூடிய செங்குத்தான சரிவு. மழைமானியில் அளவு தாண்டினால், லயத்தை விட்டு ஸ்கூலுக்கு இறங்கும்படி எல்லார் போனுக்கும் மெசேஜ் போக வேண்டும். கோட்டை உதவியாளர்கள் எழுதின. என் வரியை அங்கேயும் ஒழுங்காகச் சேர்த்திருந்தன; நான் சரி சொன்னால்தான் அந்த மெசேஜும் போகும். மற்றவர்கள் அவ்வளவு தூரம் வாசிக்கவில்லை. நான் வாசித்தேன்.

"இது தானாவே போகும்தானே அக்கா?" என்று ஜனகன் கேட்டான்.

"போகும்" என்றேன்.

மழைமானியைத் துடைத்துப் பார்த்துக்கொண்டது அதே லயத்து அம்மாக்கண்ணு அக்கா. கொழுந்து பறிக்கிறவர். சோதனைக்காக ஒரு மெசேஜ் அனுப்பிய அன்று, "வந்திருச்சு தங்கச்சி" என்று சொல்ல அவரே எனக்குக் கூப்பிட்டார். சொன்னதோடு வைக்கவில்லை. சாப்பிட்டீங்களா, என்ன கறி என்று கேட்டார். அதன் பிறகு மழை கனத்தால் கூப்பிடுவார். பயந்து சும்மா சும்மா ஓட வேண்டாம், மெசேஜ் வந்தால் மட்டும் இறங்கினால் போதும் என்று நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். லயத்தில் எல்லாரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

அன்றைக்கு மழை விடவே இல்லை. ஒபிஸை மத்தியானமே மூடிவிட்டதால் நான் அறையில் இருந்தேன். மேல் டிவிசனில் அளவு தாண்டிவிட்டது, மெசேஜை அனுப்பலாமா என்று எங்கள் மென்பொருள் போனில் கேட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாக்கண்ணு அக்கா கூப்பிட்டார்.

"தங்கச்சி, பின்னால தண்ணி செவப்பா வருது. செவுரும் வெடிச்சிருக்கு. மெசேஜ் ஒண்ணும் வரலயே. எறங்கவா, இருக்கவா?"

"மெசேஜ் வந்தா எறங்குங்கக்கா" என்றேன்.

பக்கத்தில் ஓர் ஆண் குரல், என்னவாம் என்று கேட்டது. "இருக்கச் சொல்றாங்க" என்றார்.

பிறகு நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். ரொட்டி சுட்டு வைத்திருந்தாராம். மகள் சர்மிளா கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாளாம், தீபாவளிக்கு வருவாளாம். நான் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னேன். அதை யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. அவர் உம் கொட்டிக் கேட்டார். நடுவில் ஒரு தடவை, "மழ கூடுது தங்கச்சி" என்றார். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றேன். ஒரு சத்தம் கேட்டது. லைன் அறுந்தது. திரும்ப எடுத்துப் பார்த்தேன், போகவில்லை. அப்புறம்தான் சரி என்பதை அமுக்கினேன். அனுப்பியாகிவிட்டது என்று காட்டியது.

ஏஐ ஏதோ பிழை செய்துவிட்டது என்று ஜனகன் உங்களிடம் சொன்னானாம். அவன் நல்ல பையன். ஆனால் அது உண்மையில்லை, சேர். அவை நான் எழுதியதைத்தான் செய்தன. அந்த வரியை எடுத்துவிட எனக்கு எப்போதும் முடிந்திருக்கும். போன் கையில்தான் இருந்தது. பேசிக்கொண்டே விரலால் தொட்டிருக்கலாம். தொட்டிருந்தால் மெசேஜ் போயிருக்கும், அவர் போனை வைத்துவிட்டு இறங்கியிருப்பார். கடைக்குப் போயிருந்தவர்களைத் தவிர அந்த லயத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை என்பதையும் நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

மண்ணை அகற்றியபோது போன் அவர் கையிலேயே இருந்தது என்றீர்கள். அதைக் கேட்டதும் மனது கொஞ்சம் ஆறியது. கடைசி நேரத்தில் அம்மாக்கண்ணு அக்கா தனியாக இருக்கவில்லை, சேர். துணைக்கு நான் இருந்தேன்.