படத்துத் திராட்சைக்கு வந்த செவட்டை

...நீயே சொல்லும்மா, செவத்துல மாட்டியிருக்கிற திராட்சைக்கு எவனாச்சும் மருந்தடிப்பானா? அடிக்கணும்ங்கிறாக எங்க வீட்டுக்காரவுக! ராயப்பன்பட்டில ஞானதுரைன்னு கேட்டுப்பாரு, பன்னீர்த் திராட்சைன்னா அவுகதான்... அந்தப் பைய மடில வச்சுக்கம்மா, காலு வைக்க எடமில்ல.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், மியூசியம்! போன மாசம் எங்க சர்ச்சுப் பங்குல இருந்து வேன் போட்டு எர்ணாகுளம் பக்கம் மாதா கோயிலுக்குப் போனோம். கும்பிட்டு வெளிய வந்தா மழன்னா மழ, அப்பிடி ஒரு மழ! எதுத்தாப்புல பெரிய கட்டடம், உள்ள பூராம் படமா மாட்டி வச்சிருக்காக. ஒதுங்குனோம். அங்கன புடிச்சது சனி!

மத்தவுக குதிரப் படம், ராசா படம்னு பாத்துட்டுப் போறாக. இவுக மட்டும் ஒரு படத்து முன்னாடி நின்னுட்டாக. ஒரு தட்டு, அதுல கருந்திராட்சக் கொல, பக்கத்துல எல ரெண்டு. அம்புட்டுத்தான்! 'ஏ ஜெயமேரி, எலயப் பாரு, செவட்டை நோயி விழுந்திருக்கு'ங்கிறாக. அது பெயிண்டுய்யான்னேன். 'பெயிண்டா இருந்தா என்ன, நோயி நோயிதான? வரஞ்சவரு நம்பரு குடுங்க'ன்னு அங்கன காவலுக்கு நின்ன செபாஸ்டியன்னு ஒருத்தன்ட்ட கேக்குறாக. வரஞ்சவரு செத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சாம்! 'அப்ப பந்தல இப்ப யாரு பாக்குறா?'ன்னு கேட்டாகளே... சிரிக்காதம்மா, எனக்கு வயிறு எரியுது. பாதரு வந்து கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தாக.

அதோட விட்டுச்சா? அந்த செபாஸ்டியன் தன் நம்பரக் குடுத்துத் தொலச்சிருக்கான்! தெனம் விடிஞ்சா போனு. 'எப்பிடிப்பா இருக்கு?' அவனும் படத்துக்கிட்ட போயி நின்னு பாத்துட்டு, 'கொறச்சு பேதமுண்டு சேட்டா'ங்கிறான். கொஞ்சம் தேவலயாம்! எங்க சொந்தப் பந்தல்ல எல கருகிக் கொட்டுது, அங்கன தேவலயாம்! நேத்து நான்தான் மருந்து டப்பாவ முதுகுல கட்டி அடிச்சேன், தோள்பட்டயப் பாரு. அவுக பந்தலடில நின்னுக்கிட்டு, 'தண்ணி ரொம்பக் காட்டாத'ங்கிறாக. என்னயச் சொல்றாகன்னு நெனச்சேன். போன்ல செபாஸ்டியனச் சொல்றாக!

அதான் கெளம்பிட்டேன். குமுளி போயி எர்ணாகுளம் பஸ்ஸப் புடிச்சு, இனிமே எங்க வீட்டுக்காரவுக போன எடுக்காதப்பான்னு அவன்ட்ட நேர்ல சொல்லிட்டு வரணும்.

போன்லயே சொல்லலாம்தான்... ஏன் அப்பிடிப் பாக்குற?

அது என்னன்னா... அதே ரூம்ல, மூலைல இன்னொரு படம் இருக்கும்மா. ஒரு பொம்பள, என் வயசுதான் இருக்கும். வாய்க்கால்ல காலப் போட்டு உக்காந்திருக்கா. கொடம் ஒரு பக்கம் உருண்டு கெடக்கு, எடுக்கல. சும்மா உக்காந்திருக்கா. யாரும் அவளக் கூப்புடல! மழ விடுற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன், எந்திரிக்கவே இல்லம்மா. பாக்கப் பாக்க என் காலு சில்லுன்னு ஆயிருச்சு, மாதா சத்தியமா. இன்னும் உக்காந்திருக்காளா, யாராச்சும் எழுப்பி விட்டுட்டாகளான்னு ஒரு எட்டு பாத்துட்டு...

இந்தா, போனு. அவுகதான். மாவு எங்கன இருக்குன்னு கேப்பாக. அடிக்கட்டும்.

ஏம்மா, எங்க எந்திரிக்கிற? இது கம்பமாச்சே, நீ குமுளிக்குத்தான டிக்கெட்டு எடுத்த?... சரி, போ, போ. அந்தச் சன்னலோரம் நான் உக்காந்துக்கிறேன்.