பி பிளாக்கின் ஒன்பதாவது தூண்

– … சரி, அது முடிஞ்சுது. அடுத்த கேள்வி. "கட்டடம் எழும்பும் முன் நிலம் எவ்வாறு இருந்தது?"

– எப்படி இருந்துச்சு… தரையாதான் இருந்துச்சு.

– ஏங்க, விளையாடாதீங்க. அஞ்சு மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். அதுக்குள்ள புது பில்டர் குடுத்த இந்த ஃபாரத்தை முடிச்சு எடுத்துட்டுப் போகணும்.

– உத்தரவு, செயலாளரம்மா. பிஸ்கட் கம்பெனின்னு எழுது. இழுத்து மூடி ஆறு வருஷம் ஆகியிருந்துச்சு. நான் சூப்பர்வைசரா முதல் நாள் வந்து பார்க்கறேன், கேட்டு மேலயே ஒரு மரம் முளைச்சு நிக்குது. உள்ள ஒவ்வொரு எலியும் பூனை சைஸுக்கு.

– எலியெல்லாம் எழுத முடியாது.

– வரலாறுன்னா எலியும்தான் வரும். அஸ்திவாரம் தோண்டத் தோண்ட பிஸ்கட் டின் மூடியா வந்துச்சு. மேஸ்திரி அதுல ஒண்ணைத் தேய்ச்சு எடுத்து, வேலை முடியற வரைக்கும் அதுலதான் சாப்பிட்டார்.

– "முன்னாள் பிஸ்கட் தொழிற்சாலை." போதும். "முதலில் கட்டப்பட்டது எது?"

– ஏ பிளாக். அடுத்தது நம்ம பி. சியும் டியும் ரெண்டு வருஷம் கழிச்சு. லிஃப்ட் வந்ததைக் கேட்டிருக்கானா?

– கேட்கல.

– கேட்கமாட்டான். ஜனங்க குடி வந்து நாலு வருஷம் கழிச்சுதான் லிஃப்ட்டே வந்துச்சு. அது வரைக்கும் லிஃப்ட் குழிதான் சைக்கிள் ஸ்டாண்டு.

– தண்ணி லாரி வந்தா நாலாவது மாடி டெய்லரம்மா கயித்துல குடத்தைக் கட்டி இறக்குவாங்களே, ஞாபகம் இருக்கா? ஒரு நாள் கயிறு அந்து, குடம் லாரிக்காரர் தோள்லயே விழுந்துச்சு.

– திட்டறதுக்கு மாடி ஏறிப் போனவர், அந்த வீட்டு மாப்பிள்ளை ஆயிட்டார். அதை எழுது முதல்ல.

– சிரிக்க வைக்காதீங்க, எழுத்து கோணலாப் போகுது… அவங்க வீட்டை நினைச்சாதாங்க எனக்கு இந்த ரெண்டு மாடி சீக்கிரம் எழும்பினாத் தேவலைன்னு இருக்கு. பேரப்பிள்ளைங்க மூணு பேரும் ஹால்லதான் படுக்குதுங்க. மேல ரெண்டு மாடி எடுத்துட்டா பி பிளாக்ல வீட்டுக்கு ஒரு ரூம் கூடுதலா வருதே.

– ம்.

– எதிர் வீட்டு நர்ஸம்மா நேத்தே கேட்டாங்க, மேல வரப்போற ரூமுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம்னு. இன்னும் ஒரு செங்கல் வைக்கல… ஏங்க, கேட்கறீங்களா?

– கேட்கறேன். படி.

– "கட்டுமானத்தின்போது ஏதேனும் குறை நேர்ந்ததா? விவரம் எழுதி, பணியை மேற்பார்த்தவர் கையொப்பமிடவும்." இதுக்கு 'இல்லை'ன்னு போட்டுடறேன். இங்க… இந்தக் கட்டத்துக்குள்ள கையெழுத்துப் போடுங்க.

– டீ இருக்கா?

– இப்பதான குடிச்சீங்க.

– அது அப்போ.

– பேனாவைப் பிடிங்க, கையெழுத்துப் போட்டா டீ. புது பில்டர் உங்க கையெழுத்துக்குத்தான் காத்துட்டு இருக்கார். கட்டின சூப்பர்வைசரே எழுதிக் குடுத்துட்டா, தூணையெல்லாம் ஓட்டை போட்டு சோதிக்க வேண்டாமாம். இல்லேன்னா ஆறு மாசம் இழுக்குமாம்.

– இழுத்தா இழுக்கட்டுமே.

– என்ன பேச்சு இது? போன கூட்டத்துல நாலாவது மாடி டெய்லர் எழுந்து நின்னு சொன்னாரே, "கட்டினவரே இங்க முப்பது வருஷமா குடியிருக்கார், இதைவிட என்ன சாட்சி வேணும்"னு. எல்லாரும் கை தட்டினாங்க. நீங்க மட்டும் தலையைக் குனிஞ்சு செருப்பைத் தேடிட்டு இருந்தீங்க.

– செருப்பைக் காணோம்.

– கால்லதான் இருந்துச்சு.

– அடுத்த கேள்வி என்ன?

– ஏங்க.

– என்ன?

– நான் ஒண்ணு கேட்டா கோபப்படக் கூடாது.

– கேளு.

– பீரோவுக்குப் பின்னாடி தூண்ல ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கே… அது என்னது?

– … அதை எப்போ பார்த்த?

– குடி வந்த வருஷமே பார்த்துட்டேன். அந்த பீரோவை நகர்த்தித் தூசி தட்டறது யாரு, நீங்களா? பெரிய மழை பெஞ்சா மறுநாள் காலையில டார்ச் எடுத்துக்கிட்டு அந்த இடுக்குல தலையை விடுவீங்க. பெரியவ சின்னப் பிள்ளையா இருந்தப்போ கேட்பா, "அப்பா பீரோகூட என்ன பேசறார்?"னு. பல்லியைத் துரத்தறார்னு சொல்லி வச்சேன்.

– இத்தனை வருஷம் கேட்கவே இல்லையே நீ.

– சொல்ற மாதிரி இருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க. அந்தத் தூண்ல காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்கப் போனதுக்கு நீங்க போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. வீடு வாங்கறப்போ மூணாவது மாடியில அவ்வளவு நல்ல காத்து வர்ற வீடு காலியா இருந்துச்சு. இந்தத் தரைத்தளத்து மூலை வீடுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. மாடி ஏறினா முட்டி வலிக்குதுன்னு சொன்னீங்க. அப்போ உங்களுக்கு இருபத்தொன்பது வயசு.

– நிஜமாவே கொஞ்சம் வலிச்சுது.

– போங்க.

– … கண்ணாடி எதுக்குன்னா, சுவத்துல எங்கயாவது விரிசல் இருந்தாலோ, வரும்னு சந்தேகம் இருந்தாலோ அதுக்குக் குறுக்க ஒட்டுவோம். விரிசல் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி உடைஞ்சிடும். உடையாம இருந்தா கட்டடம் அசையலைன்னு அர்த்தம்.

– உடைஞ்சிருக்கா?

– இல்ல. ஒரு தடவைகூட இல்ல. அந்த வரைக்கும் நீ பயப்பட வேண்டாம்.

– நான் பயப்படல. இப்படி உட்காருங்க. சொல்லுங்க.

– ஒன்பதாவது தூண். வரைபடத்துல அதுதான் அதோட நம்பர். இந்த மூலையில மேல இருக்கற நாலு மாடியும் அதுமேலதான் நிக்குது. அதுக்குக் கலவை ஊத்தின அன்னிக்கு நான் இல்ல.

– நீங்க இல்லாமலா? காய்ச்சலோட போய் நின்ன ஆளாச்சே.

– இருந்தேன். பாதி வரைக்கும் இருந்தேன். கலவையைச் சும்மா ஊத்தினா ஆகாது. மெஷினை உள்ள விட்டு அதிரவிட்டாத்தான் கம்பிக்கு நடுவுல இறங்கி நிறையும். அந்த மெஷின் அப்போ புதுசு, பிடிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். முட்டி உயரத்துக்கு வந்திருந்துச்சு. அப்போ நம்ம பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள்ல மூச்சு வாங்கிட்டு வந்து நின்னார்.

– … பக்கத்து வீட்டுக்காரரா?

– உனக்கு வலி எடுத்துடுச்சுன்னார். அவ்வளவுதான். மெஷினைப் போட்ட இடத்துல போட்டுட்டு, மேஸ்திரியைப் பார்த்துக்கச் சொல்லிட்டு ஓடியே வந்தேன். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, இது பொய்வலி, இன்னும் நாள் இருக்குன்னு சொல்லி டாக்டர் அனுப்பிட்டார். பெரியவ அதுக்கப்புறம் ஒன்பது நாள் கழிச்சுத்தான் பிறந்தா.

– அன்னிக்கா… அந்த நாளா…

– மறுநாள் போய், தூணைச் சுத்தி அடிச்சிருந்த பலகையைப் பிரிச்சுப் பார்க்கறேன். முட்டிக்கு மேல பொந்து பொந்தா இருக்கு. கம்பி வெளிய பல்லைக் காட்டுது. அப்பவே இடிச்சுட்டு மறுபடி ஊத்தியிருக்கணும். இடிச்சா ஏன்னு கேட்பாங்க. கலவை ஊத்தறப்போ இடத்தை விட்டுப் போனேன்னு தெரிஞ்சா வேலை போயிடும். பிள்ளை வேற இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. நானும் மேஸ்திரியும் சிமெண்டைக் குழைச்சு அடைச்சுப் பூசி மூடிட்டோம். மேஸ்திரியும் போய்ச் சேர்ந்துட்டார். இப்போ எனக்கு மட்டும்தான் தெரியும்.

– அதனாலதான் இந்த வீடா?

– வேற யார் வாங்கியிருந்தாலும் எனக்குத் தூக்கம் வந்திருக்காது. பக்கத்துலயே இருந்தா பார்த்துக்கலாம்… விழுந்தா என் தலையில விழட்டும்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா உன்னையும் பிள்ளையையும் கூட்டிட்டு வந்து அதுக்கடியிலதான் படுக்க வச்சிருக்கேன். அது உறைச்சப்போ குடி வந்து ஒரு மாசம் ஆயிடுச்சு.

– ஒரு மாசம்…

– திட்டேன். திட்டிடு.

– திட்டல. நாலு மாடியைத் தாங்குதுல்ல?

– தாங்குது. ஆறு மாடி தாங்குமான்னு எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? போடலைன்னா அந்தப் பிள்ளைங்க ஹால்லதான் படுக்கணும். போட்டா… நினைக்கவே முடியல. மூணு வாரமா உன்கிட்ட சொல்லலாம்னு வாயைத் திறப்பேன், டீ கேட்டுட்டுப் போயிடுவேன்.

– அதான் ஒரு நாளைக்குப் பத்து டீயா? சரி, கண்ணைத் துடைங்க. நான் எழுதறேன். "பி பிளாக் ஒன்பதாவது தூணில் குறை உண்டு. தரைமட்டத்திலிருந்து முட்டி உயரத்துக்கு மேல். பூசி மறைக்கப்பட்டது. சோதித்து, சரி செய்த பிறகே மேல்மாடி." சரியா இருக்கா?

– இருக்கு… கூட்டத்துல படிக்கணுமே. டெய்லர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

– நான் படிக்கறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்தாப் போதும். கோபப்படுவாங்க. ஒரு மாசம் பேச மாட்டாங்க. நர்ஸம்மா கதவைப் படார்னு சாத்துவாங்க. பரவாயில்ல, எல்லாரும் உயிரோட இருந்து சாத்தட்டும்.

– 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கே.

– பார்த்தேன்.

– "மேற்பார்வையாளர் பாதியில் இடத்தை விட்டுச் சென்றார்"னு எழுது. உன்னை அதுல இழுக்காத. வலி வந்தா யாரா இருந்தாலும் ஆள் அனுப்பத்தான் செய்வாங்க. உன் மேல ஒரு துளிகூடத் தப்பில்ல. இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்காததுக்கு அதுவும் ஒரு காரணம். தன்னாலதானோன்னு நீ நினைச்சு நினைச்சு வெந்துபோவேன்னு…

– போதும், சொல்லாதீங்க…

– என்னம்மா, நீ ஏன் அழற? பேனாவைக் குடு. நான் போடறேன்.

– போடுங்க… கீழ கொஞ்சம் இடம் விட்டுப் போடுங்க. நானும் போடணும்.

– செயலாளர் கையெழுத்து கடைசிப் பக்கத்துலதான?

– செயலாளரா போடலீங்க… அன்னிக்கு எனக்கு வலியே வரல. மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு, வீட்டுல ஒத்தையா இருந்தேன், ரொம்பப் பயமா இருந்துச்சு. சும்மா வாங்கன்னு கூப்பிட்டா வேலையை விட்டு வர மாட்டீங்கன்னு… வலின்னு சொல்லி அனுப்பிட்டேன்.