முதல் இறக்கம்

பிரேக் பேட் மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஐயா. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் போதும். சக்கரத்தைக் கழற்ற வேண்டும், இரண்டு போல்ட்டை எடுக்க வேண்டும், தேய்ந்ததை உருவிவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. ரந்தாவுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துப் பட்டறையில் முப்பத்து நான்கு வருஷம் மெக்கானிக்காக இருந்தேன். அவசரத்தில் ஒரு போல்ட்டைக்கூட நான் உடைத்ததில்லை.

செம்பனைத் தோட்டங்களில் இப்போது எல்லோரும் ஓட்டுவது பக்கி. ஜீப்புக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு கிடையாது, பின்னால் உர மூட்டை ஏற்ற ஒரு தொட்டி இருக்கும். மேடு பள்ளம் பார்க்காமல் போகும். ஆனால் சேறு அதற்கு ஆகாது. செம்மண் சேறு பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் புகுந்து அராவிவிடும். டவுனில் இரண்டு வருஷம் வரும் பேட் இங்கே மழைக் காலத்தில் இரண்டு மாதம் தாங்காது. அதனால் சனிக்கிழமை தோறும் கழுவி, பேட்டின் கனம் பார்த்து, பிரேக் எண்ணெய் கறுத்திருந்தால் மாற்றிவிடுவேன். விபத்து அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பாரம் அதிகம், மழை, ஓட்டியவர் கவனக்குறைவு என்று இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டார்கள். படித்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. தர்மராஜ் கவனமாக ஓட்டுகிற பையன்.

தர்மராஜ் எங்கள் தோட்டத்தின் வெளிவேலை மேற்பார்வையாளன். முப்பத்தொரு வயது. என் மகள் புனிதாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை. பேசி முடித்தது நான் இல்லை, அவர்கள் இரண்டு பேருமே முடித்துக்கொண்டு என்னிடம் வந்து சொன்னார்கள். புனிதா தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. காலையில் என் மோட்டார் சைக்கிளில்தான் ஆபீஸுக்குப் போவாள், மாலையில் நான்தான் கூட்டி வருவேன். வீட்டிலிருந்து ஆபீஸ் நடக்கிற தூரம்தான். இருந்தாலும் அப்படித்தான் வழக்கம்.

அவள் அம்மா ராக்கம்மா பதினான்கு வருஷத்துக்கு முன்னால் பகாவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குத் தீபாவளிக்குப் போனாள். திரும்பவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு குறையும் நான் வைத்ததில்லை. கடைக்குக்கூட நானே போய் வந்தேன். அவள் வாசலைத் தாண்ட வேண்டிய தேவையே இருந்ததில்லை. புனிதாவை மட்டும் அவளோடு அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நிம்மதியாக இருந்தோம்.

தை மாதம் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். கல்யாணம் முடிந்த கையோடு தர்மராஜுக்குப் பகாவ் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றல். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"மாமா, நீங்களும் எங்ககூட வந்துடுங்க. அங்க குவார்ட்டர்ஸ் பெருசுலா. தனியா இங்க கிடந்து என்ன செய்யப் போறீங்க?"

நல்ல மனசோடுதான் சொன்னான். நான் புனிதாவைப் பார்த்தேன். அவளும் ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள். எவ்வளவு நேரம் பிசைந்தாள் என்று எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. ராக்கம்மா தீபாவளிக்குப் பெட்டி கட்டியபோதும் அப்படித்தான் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

நவம்பர் மாதம், புதன்கிழமை காலை, தர்மராஜ் பக்கியைப் பட்டறைக்குக் கொண்டு வந்தான்.

"மாமா, இறங்குறப்ப பிரேக் கீச்சு கீச்சுன்னு கத்துது. லுக்குட்ல புது பேட் வாங்கிட்டு வந்துட்டேன். சனிக்கிழமை வரைக்கும் தாங்காதுலா, இன்னைக்கே போட்டுக் குடுங்க."

பேட் தேய்ந்தால் கத்துவதற்கென்றே அதில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். நகத்தின் கனம்கூட மிச்சமில்லை. எண்ணெய் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. எல்லாவற்றையும் துடைத்தேன், டிஸ்க்கைக் கழுவினேன். அந்தச் சின்னத் தகடுகளை எடுத்துவிட்டு, பழைய பேட்டுகளையே திரும்பப் பொருத்தினேன். எண்ணெயைத் தொடவில்லை. புதிய பெட்டி மேசை இழுப்பறைக்குள் போனது. உங்கள் முன்னால் இருப்பது அதுதான், ஐயா. இன்னும் பிரிக்கவில்லை.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கால் ஒடிந்தால் போதும் என்று நினைத்தேன். கால் ஒடிந்தவனுக்கு மாற்றல் தள்ளிப்போகும், கல்யாணமும் தள்ளிப்போகும், அதற்குள் புனிதாவின் மனசு மாறலாம். ஒரு தகப்பன் இவ்வளவுதான் யோசிப்பான். ஆனால் அன்றைக்குத் தொட்டியில் எட்டு மூட்டை உரம் ஏறும் என்பது எனக்குத் தெரியும். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று வெளியே கான்ஸ்டபிள் சொன்னார். இதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. பிரேக் வேலை பார்த்த வண்டி, பட்டறை இருக்கும் பதினேழாம் நம்பர் மேட்டிலிருந்து முதல் தடவை இறங்கும்போது, வேலை பார்த்தவன் ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார வேண்டும். முதல் இறக்கம் என்று சொல்வோம். லாரிக் காலத்தில் எவனோ ஒரு மெக்கானிக் அரைகுறையாக வேலை செய்து இரண்டு உயிர் போயிற்றாம். அதற்குப் பிறகு வந்தது. மேட்டில் இருக்கும் முனியாண்டி கோயில் முன்னால் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிவிட்டு இறங்குவார்கள். எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் உட்கார மறுத்தவன் கையில் அப்புறம் யாரும் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள். நான் நூறு தடவைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கும் ஏற்பாடு செய்திருந்தேன். பேட்டைப் பொருத்தி முடித்ததும் ஜாக்கியைக் காலில் போட்டுக்கொண்டேன். பெருவிரல் நன்றாக வீங்கியிருந்தது. நாளைக்கு இறங்கலாம், இன்றைக்கு முடியாது என்று சொன்னால் தர்மராஜ் காத்திருக்க மாட்டான். மழைக்கு முன்னால் உரம் போட்டு முடிக்க வேண்டிய அவசரம் அவனுக்கு. தனியாக இறங்குவான். இப்படித்தான் என் திட்டம்.

வேலை பார்த்தவனுக்கு முடியாவிட்டால் அவன் வீட்டு ஆள் ஒருவர் உட்கார வேண்டும். அந்தப் பழக்கத்தில் இதுவும் சேர்த்தி. அது எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்து நான்கு வருஷத்தில் எனக்கு ஒரு நாள்கூட முடியாமல் போனதில்லை, என் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்ததும் இல்லை.

பத்து மணிக்கு, எட்டு மூட்டையும் ஏற்றி முடித்த நேரத்தில், புனிதா ஆபீஸிலிருந்து எலுமிச்சம்பழத்தோடு நடந்து வந்தாள். நான் பட்டறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

"அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கு. நான் உக்கார்றேன்" என்றாள் தர்மராஜிடம். "நம்ம வீட்டு ஆள் இல்லாம வண்டி இறங்குச்சுன்னா பட்டறையில என்ன பேசுவாங்க?"

"பயமா இருந்தா வேணாம் புனிதா."

"எங்கப்பா போட்ட பிரேக். எனக்கு என்னலா பயம்?"

ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் பெயரைக் காப்பாற்றத்தான் உட்கார்ந்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கோயில் பட்டறையிலிருந்து முப்பது அடி. பழத்தை நசுக்கி, கும்பிட்டுவிட்டு, வண்டி நகர்ந்தது. நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். நிறுத்தச் சொல்லத்தான் தூக்கினேன், ஐயா, இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சக்கரத்தைக் கழற்றுவார்கள். பழைய பேட் வெளியே வரும். அதற்குப் பிறகு புனிதா என்னோடு ஒரு ராத்திரிகூட இருக்க மாட்டாள், அன்றைக்கே அம்மாவிடம் போய்விடுவாள். இவ்வளவும் யோசிக்க எனக்கு இரண்டு விநாடி ஆனது. அவள் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

மூன்றாவது வளைவில் போய் மோதியது. தர்மராஜ் ஸ்டியரிங்குக்கும் செம்பனை மரத்துக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. புனிதாவை வாய்க்காலில் கண்டெடுத்தோம். முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் வராது என்றார்கள். வண்டியைச் சோதித்து எழுதிக் கொடுக்கச் சொல்லித் தோட்டத்து ஆபீஸில் என்னிடம்தான் ஒப்படைத்தார்கள். பெற்ற மகளே அடிபட்டுக் கிடக்கிறாள், இவன் பொய் எழுதுவானா என்று நினைத்திருப்பார்கள். பேட் புதியது, பிரேக்கில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவளை நான் பார்த்துக்கொண்டது போல் ஒரு தாயும் பார்த்திருக்க மாட்டாள். வேலையை விட்டேன். பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி ஆரம்பத்தில் குளிப்பாட்டிவிட வந்தாள். வந்தால் ஊர்க்கதை பேசிப் பேசி இவள் அழுதாள், அதனால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் போனில் யார் யாரோ கூப்பிட்டுத் தொந்தரவு செய்தார்கள். அதையும் நானே வைத்துக்கொண்டேன். வாசற்படிக்குச் சாய்வுப் பலகை போடச் சொல்லி ஆஸ்பத்திரியில் படம் வரைந்து கொடுத்தார்கள். எனக்கு அது அரை நாள் வேலை. போடவில்லை. மழையில் வழுக்கும். அவளுடைய சக்கர நாற்காலியின் பிரேக்கை மட்டும் வாரம் தவறாமல் பார்ப்பேன். அவள் கையால் விடுவிக்க முடியாத அளவுக்குக் கொஞ்சம் இறுக்கி வைத்திருந்தேன். எங்காவது போக வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுவாள், நான் வந்து விடுவிப்பேன். அவள் கூப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது. ஆனால் வீட்டில்தான் இருந்தாள்.

யார் வந்து கேட்டாலும் ஒன்றைச் சொல்லுவாள்: "அன்னைக்கு அப்பா எனக்கு டாட்டா காட்டினாங்க." நான் தலையாட்டுவேன்.

போன மாதம் ரந்தாவுக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். ஒரு மணி நேரம்கூட இருக்காது. திரும்பி வந்தால் வாசற்படியில் ஒரு பழைய கதவைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். நாற்காலி இல்லை, அவள் துணி இல்லை. தனலெட்சுமியின் போனில் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். ராக்கம்மா அண்ணனோடு வேன் எடுத்துக்கொண்டு வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நாற்காலியின் பிரேக் கம்பியை வெட்டி எறிந்திருந்தார்கள். அந்தத் துண்டு கூடத்தில் கிடந்தது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். தர்மராஜ் செத்ததற்குக்கூட நான் அப்படி அழவில்லை.

கோப்பை மூடி இரண்டு வருஷம் ஆன பிறகு ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். மனசு உறுத்தியது என்று எழுதிக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்களுக்கு அது நன்றாக இருக்கும். பகாவுக்கு மூன்று தடவை போனேன். கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே அவள் குரல் கேட்டது. அப்பாவா, வேண்டாம் என்றாள். நல்ல தெளிவான குரல்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். வழக்கு என்று வந்தால் அந்த வண்டியில் இருந்து உயிரோடு மிஞ்சிய ஒரே ஆள் அவள்தான். கோர்ட் கூப்பிட்டால் மாமன் வீட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டு உட்கார முடியாது. வந்தாக வேண்டும். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் சாட்சியைக் கூப்பிட மாட்டார்கள் என்று வெளியே இருந்த கான்ஸ்டபிள் சொன்னார். அதனால் இன்றைக்கு இதில் கையெழுத்துப் போடுகிறேன், அத்தனையும் உண்மை, புதுப் பேட் பெட்டியும் கையில் இருக்கிறது. கோர்ட்டில் மட்டும் மறுத்துவிடுவேன்.

ஒன்று கேட்க வேண்டும், ஐயா. சாட்சி சொல்கிறவர்கள் உட்காரும் இடத்துக்கும் என்னை நிறுத்தும் இடத்துக்கும் எத்தனை அடி இருக்கும்?