ஒரு ஏக்கருக்கு எத்தனை சதுர யார்டு?

— பூரணி, நான் உம்மைத்தான் கேக்கிறன். சோலைமலையின்ர முகத்தைப் பாராதையும். ஒரு ஏக்கருக்கு எத்தனை சதுர யார்டு?

— நாலாயிரத்து எண்ணூத்தி நாப்பதுங்க சார்.

— இப்ப சரியாச் சொல்லுறீர். போன சனிக்கிழமைச் சோதினையில நாலாயிரத்து நானூற்றி எண்பது எண்டெல்லோ எழுதினனீர்.

— தடுமாறிட்டேங்க.

— ஓம், தடுமாறலாம். பிழை விடாத மனிசர் இல்லை. ஆனா உமக்குப் பின்வரிசை வாங்கில இருந்த சோலைமலையும் அதே இடத்தில, அதே மாதிரித் தடுமாறியிருக்கிறார். மற்ற எல்லாரும் சரியா எழுதியிருக்கினம். ரெண்டே ரெண்டு பேருக்கு ஒரே பிழை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் எண்டு வந்திருக்கிற நான் இதை என்னெண்டு விளங்கிக்கொள்ளுறது?

— அய்யா சாமி, நான் பாத்து எழுதலைங்க. எங்காத்தா மேல சத்தியம்.

— சத்தியத்தைக் கோயில்ல வைச்சுக்கொள்ளும், சோலைமலை. நாளைக்கு தோட்டத்து லயத்துப் பிள்ளையளுக்கு முன்னால வாத்தியார் எண்டு நிக்கப் போறவை நீங்கள். அதுக்குத்தான் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அட்டனுக்கு வரச் சொல்லி, வகுப்பு நடத்தி, சோதினை வைக்கிறம். ஆர் ஆரைப் பாத்தெழுதினது?

— நாந்தாங்க சார். எம்பேர மட்டும் வெட்டிக்கிடுங்க.

— அக்கா, என்னா பேசுற நீ?

— சோல, வாய மூடிக்கிட்டு இரு.

— முன் வாங்கில இருந்த நீர், பின்னால இருந்தவரைப் பாத்தெழுதினனீரோ? கழுத்தைத் திருப்பி?

— ஆமாங்க.

— எனக்கு விசர் எண்டு நினைச்சீரோ? இந்த வகுப்பில உம்மட பேரை வெட்டினா சேட்டிபிக்கட் இல்லை. சேட்டிபிக்கட் இல்லாட்டி உம்மட தோட்டத்துப் பள்ளிக்கூடமும் இல்லை.

— தெரியுங்க. எங்க வீட்டுக்காரரு கேகாலப் பக்கம் போயி மலேரியாவுல செத்தப்பறந்தான் அவரு நடத்துன இஸ்கோல எங்கிட்ட குடுத்தாங்க. தோட்டத்துத் தொரை இப்பவே அந்தக் கொட்டகையத் தேயிலக் கொழுந்துச் சாக்கு அடுக்கக் கேட்டுக்கிட்டு இருக்காரு. மூடுனா பிள்ளைகளயும் மலைக்கு வேலைக்கு இழுத்துக்கிருவாங்க.

— இவ்வளவும் தெரிஞ்சுகொண்டோ பொய் சொல்லுறீர்?

— மழ வலுத்துக்கிட்டு வருதுங்க சார். திம்புள்ளப் பக்கம் போற பஸ்ஸ விட்டேன்னா தங்க எடமில்ல. வெட்டறத வெட்டிட்டு ஆள விட்டுருங்க.

— அக்கா, இனிமே என்னால முடியாது. சார், நான் சொல்லிர்றேன்.

— சோல.

— நீ வெட்டச் சொன்னது ஒம்பேர. அவரு வெட்டப் போறது ரெண்டு பேரயும்ல? சார், எங்க ரெண்டு பேருகிட்டயும் பொஸ்தகம் கெடையாதுங்க. மத்தவங்க வாங்கி வச்சிருக்காங்க, வீட்டுல படிச்சிட்டு வர்றாங்க. நாங்க போர்டுல இருக்கறதத்தான் படிப்போம். அந்தச் சனிக்கெழம போர்டுலயே தப்பாத்தான் இருந்திச்சி.

— உங்களுக்குப் படிப்பிக்கிற அழகையா மாஸ்டர் ஏக்கர்க் கணக்கில பிழை விடுறவரோ? அவரைப் போல கணக்குப் படிப்பிக்கிற ஆள் இந்தப் பக்கம் இல்லை எண்டு நானே மேலிடத்துக்கு எழுதினனான்.

— மாஸ்டர் எழுதலைங்க. அக்காதான் எழுதிச்சி.

— என்ன சொல்லுறீர்?

— மாஸ்டர் அன்னிக்கி வரலிங்க. இந்த மழக்காலம் தொடங்குனதுல இருந்து பாதி நாளு வர்றதில்ல. அவரு வராட்டி அக்காதான் பாடம் நடத்தும். பேரு கூப்பிடறதும் அதுதான்.

— வரவு இடாப்பில அவர் ஒரு சனிக்கிழமை விடாமல் கையெழுத்து வைச்சிருக்கிறாரே.

— பொறவு வந்து போட்டுக்குவாருங்க.

— பூரணி, இது உண்மையோ?

— நல்லா இருப்படா சோல. ஒரு மனுசன் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்ட.

— நானும் பொழைக்கணும்ல அக்கா.

— உண்மையோ எண்டு உம்மைக் கேட்டனான்.

— உண்மதாங்க. நெனப்புல இருந்து எழுதுனேன், நம்பரு எடம் மாறிப்போச்சி. சோதினை முடிஞ்சப்பறம் ஒருத்தி பொஸ்தகத்தக் காட்டுனா. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சிச்சி. தப்பு என்னோடது சார். அவர விட்டுருங்க.

— பிழை விட்டதைப் பற்றி இனிக் கதை இல்லை. வராத நாளுக்கு வந்ததெண்டு எழுதியிருக்கிறார். அது களவு.

— எங்க ஆளுகள்ல லயத்துல பொறந்து இந்த நாற்காலியில ஒக்காந்த மொத ஆளு அவருதாங்க. அவரத் தூக்கிட்டா இன்னொருத்தர வைக்க மாட்டாங்க. அது எங்களுக்குத் தெரியும்.

— எங்கை பிறந்தால் எனக்கென்ன? இடாப்பில பொய் எழுதினவன் ஆரெண்டாலும் எனக்கு ஒண்டுதான். சனிக்கிழமையளில எங்கை போறவர்? குடியோ? சீட்டோ?

— அவரு வெத்தல கூடப் போட மாட்டாருங்க.

— பின்னை?

— ஒரு வீட்டுல பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கப் போறாருங்க.

— இஞ்ச இத்தினை பேரை வைச்சுக்கொண்டு, தனிப் பாடமோ? வகுப்பு இருக்கெண்டு சொன்னவரோ அவையளிட்டை?

— பெரிய வீடுங்க. அங்க இருந்து ஆள் வந்தா மாட்டேன்னு சொல்ல அவருக்கு வாய் வரல. போகாட்டி வேலைக்கு மோசம் வந்துருமோன்னு பயம். போனாலும் பயம். மனுசன் தூங்கி நாளாச்சி.

— ஆற்ற வீடு அது? பேரைச் சொல்லும்.

— அது மட்டும் கேக்காதீங்க சார்.

— கேக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். அரசாங்க வகுப்பில இருந்து வாத்தியாரை இழுத்துக்கொண்டு போறவை ஆரோ, அவையின்ர பேரையும் சேத்து இண்டைக்கே அறிக்கை எழுதுவன்.

— அக்கா, சொல்லிறாத.

— இப்ப என்னாத்துக்கு நீ தடுக்கற? தொடங்கினது நீதான? சார், சொன்னா எழுதுவீங்களா?

— பேனை கையிலதான் இருக்கு.

— யாரா இருந்தாலும்?

— பூரணி, இந்த உத்தியோகத்தில நான் ஆருக்கும் பயந்து எழுதாமல் விட்டதில்லை.

— அப்பன்னா எழுதிக்கிடுங்க. நுவரெலியாவுல ஒங்க பங்களாவுக்குத்தாங்க போறாரு. நீங்க இஸ்கோலு பாக்க வெளியூரு போற சனிக்கெழமயாப் பாத்து, ஒங்க மகனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்க ஒங்க வீட்டம்மாதான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கிறாங்க.