வேகத்தைக் காட்டாத ஸ்கேனர்

2025ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை. விடியற்காலை முதல் பெய்த தூறல் ஒன்பது மணிக்கு ஓய்ந்துவிட்டது. கார்த்திகை தீபம் ஏற்றும் மலையின் உச்சி மட்டும் இன்னும் மேகத்தை விட்டு வெளிவரவில்லை. இடம், வேங்கிக்காலில் கார் உதிரிப்பொருள்களும் கருவிகளும் விற்கும் மணிமொழியின் கடை. ஓய்வுபெற்ற சுற்றுலாக் கார் ஓட்டுநர் பீர் முகம்மதுவும், கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் ஜெயபால் நயினாரும் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக அங்கே நின்றுகொண்டிருந்தனர். இருவருக்கும் பொதுவாக ஒரே கார். அதுவும் அவர்களுடன் வாசலில் நின்றது.

ஜெயபால்: ...அதைத்தான் நானும் சொல்றேன் பாய். நமக்கு எதுக்குப் பெரிசு? இந்தச் சின்னதே போதும்.

பீர் முகம்மது: நானும் அதையேதானே சொன்னேன். நீங்க காதுல வாங்கினாத்தானே.

மணிமொழி: வந்ததுலேருந்து ரெண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்றீங்க. ஆனா சண்டை போடற மாதிரி சொல்றீங்க.

பீர் முகம்மது: சண்டை இல்லம்மா. நயினார் மண்டியில ஏலம் கேட்டு கேட்டு தொண்டை அப்படி ஆயிடுச்சி.

ஜெயபால்: இவரு ஹாரன் அடிச்சி அடிச்சி அப்படி ஆயிட்டாரு.

மணிமொழி: சரி. மறுபடியும் முதல்லேருந்து சொல்றேன்.

பீர் முகம்மது: மறுபடியுமா...

மணிமொழி: ஒர்க்‌ஷாப்புக்கு ஓடாம வீட்டுலயே வெச்சி நீங்களே பார்க்கப் போறீங்க. புரியாம வாங்கலாமா? இது சின்ன ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட் இருக்குது, அதுல சொருகணும். கோளாறுக்கு இன்னா நம்பரோ, அந்த நம்பரை மட்டும் காட்டும். இது நடுவுல இருக்கறது. நம்பரோட சேர்த்து, எஞ்சின் லைட் எரிஞ்ச அந்த நொடியில வண்டி எவ்ளோ வேகம், எஞ்சின் எவ்ளோ சுத்து, எல்லாம் காட்டும். கார் அந்த நொடியைப் போட்டோ புடிச்சி உள்ள வெச்சிருக்கும், இது எடுத்துக் குடுக்கும்.

ஜெயபால்: போட்டோ எல்லாம் வேணாம்மா.

பீர் முகம்மது: வேணவே வேணாம்.

மணிமொழி: மூணாவது இந்த டேப்லெட். பிரேக்கு, ஏர்பேக்குன்னு வண்டி மொத்தமும்...

பீர் முகம்மது: அது கடை வெச்சிருக்கறவனுக்கு. என்னைக் கேட்டா ஒண்ணுமே வேணாம். முப்பத்திநாலு வருஷம் வண்டி ஓட்டினவன் நான். ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்களை மெட்ராஸ் ஏர்போர்ட்லேருந்து கூட்டி வருவேன். டேஷ்போர்டு மேல டீ கிளாஸ் வெச்சா செங்கம் ரோடு வர்ற வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாது. சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன், கோளாறு எங்கன்னு.

ஜெயபால்: இந்த டீ கிளாஸு கதை ஒரு நாளைக்கு மூணு வேளை வரும்மா.

மணிமொழி: அப்போ லைட்டு ஏன் எரியுதுன்னு சத்தத்தை வெச்சிச் சொல்லுங்க பாய்.

பீர் முகம்மது: ...அது சத்தம் போடாத கோளாறு.

மணிமொழி: எப்போலேருந்து எரியுது?

ஜெயபால்: ஞாயித்துக்கிழமை. வண்டி கழுவும்போதுதான் ரெண்டு பேரும் பார்த்தோம்.

பீர் முகம்மது: ஆமா, ரெண்டு பேரும் சேர்ந்தேதான் பார்த்தோம். அதுக்கு முன்னாடி யாரும் பார்க்கல.

மணிமொழி: உங்களுக்குள்ள வண்டியை எப்படிப் பிரிச்சிருக்கீங்க?

ஜெயபால்: திங்கள், செவ்வாய், புதன் பாய்க்கு. வியாழன், வெள்ளி, சனி எனக்கு. ஞாயித்துக்கிழமை கழுவறது. வாங்கின புதுசுல இவரு அண்ணன் பையன் ஜீஷான் ஒரு தடவை கேட்டுல இடிச்சான், என் தங்கச்சி பையன் அபிஷேக் ஒரு தடவை நெல்லு டிராக்டர்ல இடிச்சான். அன்னிக்கே வாக்கு குடுத்துக்கிட்டோம். நம்ம ரெண்டு பேர் கையைத் தவிர வேற கை ஸ்டியரிங்ல படக்கூடாது. வேற கையை விட்டவன் வண்டியில தன் பங்கை விட்டுட்டுப் போயிடணும்.

மணிமொழி: அவ்ளோ கறாரா?

பீர் முகம்மது: கையடிச்சி சொன்னது. நாலு வருஷமா ஒரு பிசகு இல்ல.

ஜெயபால்: ஒரு பிசகு இல்ல. ...இருங்க, மண்டியிலேருந்து போன் வருது. வெளிய நின்னு பேசிட்டு வர்றேன். நான் வர்றதுக்குள்ள சின்னதை பேக் பண்ணிடும்மா.

பீர் முகம்மது: ...போயிட்டாரா?

மணிமொழி: டீக்கடை கிட்ட நிக்கறாரு.

பீர் முகம்மது: கிட்ட வாம்மா. அந்த நடு மெஷின் ரிப்பேர்னு சொல்லிடு.

மணிமொழி: ஏன் பாய்?

பீர் முகம்மது: லைட்டு ஞாயித்துக்கிழமை எரியல. அதுக்கு முந்தின புதன்கிழமையே எரிஞ்சிடுச்சி. நான் வாயைத் திறக்காம சாவியை நயினார் கையில குடுத்துட்டேன். அன்னிக்கு ஓட்டினது... நான் இல்ல.

மணிமொழி: பின்ன?

பீர் முகம்மது: என் வீட்டுக்காரி ரசியா. மூணு மாசமா ஏரிப் பக்கம் புது வீட்டுமனை பிளாட்டுல வெச்சிக் கத்துக் குடுக்கறேன். ஐம்பத்தி நாலு வயசும்மா அவளுக்கு. முதல் நாள் ஸ்டியரிங்கை புடிச்சப்போ நடுக்கமே இல்ல. நான் கத்துக்கும்போது எனக்கு ஒரு வாரம் கை ஆடிச்சி. இதை ஊரைக் கூட்டிச் சொல்லணும்னு இருக்குது, யாருகிட்டயும் சொல்ல முடியல.

மணிமொழி: நயினார்கிட்ட சொல்லிடலாமே.

பீர் முகம்மது: வாக்கு இருக்குதே. தீபம் முடியட்டும், பக்குவமா சொல்லிக்கறேன். அதுக்குள்ள அந்த போட்டோ வெளிய வந்திச்சின்னா வண்டியும் போச்சி, இருபது வருஷத்துப் பழக்கமும் போச்சி. ...வர்றாரு. சரி நயினாரே, நான் போயி மூணு டீ சொல்லிட்டு வர்றேன்.

ஜெயபால்: எனக்குச் சர்க்கரை கம்மி. ...பாய் போயிட்டாரா? மணிமொழி, ஒரு உதவி. அந்த நடு மெஷின்...

மணிமொழி: ரிப்பேர்னு சொல்லணுமா?

ஜெயபால்: எப்படித் தெரியும்?

மணிமொழி: தோணிச்சி.

ஜெயபால்: வியாழக்கிழமை எங்க வீட்டம்மா ஓட்டும்போதுதான் லைட்டைப் பார்த்தேன். பாய் மூணு நாளும் கண்ணாட்டம் ஓட்டிட்டுக் குடுத்த வண்டி. மருதேவி கை பட்டு கெட்டுப் போச்சின்னு எப்படிச் சொல்லுவேன்? ஆனா ஒண்ணு சொல்றேன்... அவ ரிவர்ஸ் எடுக்கறதைப் பார்க்கணுமே. எங்க மண்டி சந்துல மூட்டை வண்டிக்காரனே யோசிப்பான். இவ கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே... பாய் வர்றாரு. பாய், டீ சூடா இருக்குதா?

பீர் முகம்மது: இருக்குது. சின்னதைக் கட்டியாச்சா?

மணிமொழி: கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை வண்டியில சொருகிப் பார்த்துடலாம். எங்க கடை வழக்கம். சாவி போடுங்க பாய். ...ம். ஏறல.

ஜெயபால்: ஏறலன்னா?

மணிமொழி: இந்தச் சின்னது உங்க வண்டியோட பேச மாட்டேங்குது. சில மாடலுக்கு அப்படித்தான். நடுவுல இருக்கறதைத்தான் போடணும்.

பீர் முகம்மது: அது ரிப்பேர் ஆச்சே.

ஜெயபால்: ஆமா, அது ரிப்பேர்.

மணிமொழி: யாரு சொன்னது? நான் இன்னும் சொல்லலியே.

பீர் முகம்மது: டீ ஆறுது, குடிங்க நயினாரே.

ஜெயபால்: குடிக்கறேன், குடிக்கறேன்.

மணிமொழி: போட்டுட்டேன். நம்பர் வந்திடுச்சி, பி-0135. எஞ்சின்லேருந்து புகை வெளிய வர்ற குழாய்ல இருக்கற ஒரு சென்சர். அது பெரிய விஷயம் இல்ல, ஒயர் பார்த்தாப் போதும். அப்புறம் போட்டோ... வேகம் ஒன்பது. எஞ்சின் சுத்து ஐயாயிரத்து நூறு.

ஜெயபால்: ஒன்பது கிலோமீட்டர் வேகத்துக்கு ஐயாயிரமா?

மணிமொழி: முதல் கியரு. கிளட்ச்சைப் பாதி விட்டு ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சிருக்காங்க. புதுசா கத்துக்கறவங்க மிதிக்கற மிதி. யாரு ஓட்டினது?

பீர் முகம்மது: நான்தான்.

ஜெயபால்: இல்லம்மா, நான்.

பீர் முகம்மது: நயினாரே, சும்மா இருங்க. நான்தான் மிதிச்சேன்.

மணிமொழி: நீங்களா? அந்த டீ கிளாஸு?

பீர் முகம்மது: சிந்திடுச்சி. அன்னிக்கு சிந்திடுச்சி, போதுமா.

ஜெயபால்: பாய்... முப்பத்திநாலு வருஷத்துப் பேரை எனக்காக ஏன் கெடுத்துக்கறீங்க? வேணாம். அது நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும். என் வீட்டம்மாதான். வியாழக்கிழமை மருதேவி கையில குடுத்தேன். நாலஞ்சு வாரமா குடுக்கறேன். வாக்கை மீறினது நான். இந்தாங்க, என் சாவி. வண்டி இனிமே உங்களோடது.

பீர் முகம்மது: அண்ணி ஓட்டறாங்களா?

ஜெயபால்: ஓட்டறா. நல்லாவே ஓட்டறா. அன்னிக்கு மட்டும்தான் ஏதோ...

பீர் முகம்மது: சாவியை உள்ள வைங்க. அண்ணி மேல பழி போடாதீங்க. லைட்டு புதன்கிழமையே எரிஞ்சது. மிதிச்சது ரசியா.

ஜெயபால்: ரசியா பாபியா?

பீர் முகம்மது: மூணு மாசமா.

ஜெயபால்: எனக்கு முன்னாடியே வாக்கை மீறிட்டீங்களா?

பீர் முகம்மது: ரெண்டு மாசம் முன்னாடி. இந்தாங்க, இது என் சாவி.

மணிமொழி: ரெண்டு சாவியும் என் கல்லா மேல இருக்குது. ரெண்டு பேரும் பங்கை விட்டாச்சின்னா வண்டி எனக்கா?

ஜெயபால்: சிரிக்காதம்மா. ...பாய், நீங்களும் சிரிக்காதீங்க.

பீர் முகம்மது: நீங்க முதல்ல நிறுத்துங்க.

மணிமொழி: பானெட்டைத் தூக்குங்க. அந்த ஒயரைப் பார்க்கலாம். ...இதோ. மிதிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. லைட்டு எரிஞ்ச நேரத்துல அக்கா மிதிச்சிட்டு இருந்தாங்க, அவ்ளோதான். ஒயரைக் கடிச்சது எலி. பக்கத்துல பாருங்க, கடலைத் தோலு.

பீர் முகம்மது: கடலைத் தோலு.

ஜெயபால்: ...என் மண்டி எலி.

பீர் முகம்மது: நாலு வருஷமா வாக்கு வாக்குன்னோம். ஸ்டியரிங்ல கை படக்கூடாதுன்னுதான் பேசினோம், ஒயர்ல வாய் படக்கூடாதுன்னு பேசலியே நயினாரே.

ஜெயபால்: எலியை நான் பார்த்துக்கறேன். ஒயரை நீங்க ஒட்டுங்க. அந்த நடு மெஷினையே குடும்மா. இனிமே எதையும் மறைக்கறதுக்கு இல்ல.

பீர் முகம்மது: ரசியாவுக்கும் இதைப் படிக்கச் சொல்லிக் குடுத்துடுவேன்.

ஜெயபால்: மருதேவிக்குச் சொல்லியே குடுக்க வேணாம், அவளே படிச்சிப்பா. ரிவர்ஸ் அப்படித்தான் கத்துக்கிட்டா.

பீர் முகம்மது: ரிவர்ஸா? அதுக்குள்ளயா?

ஜெயபால்: ஏன், பாபிக்கு இன்னும் வரலியா?

பீர் முகம்மது: வரும், வரும். ரசியா மேட்டுல நிறுத்தி வண்டி பின்னாடி உருளாம எடுப்பா. அண்ணியை எடுக்கச் சொல்லுங்க பார்ப்போம்.

ஜெயபால்: தீபம் முடியட்டும் பாய். ரெண்டு பேருக்கும் லைசென்சுக்கு எழுதிப் போடலாம். டெஸ்ட்டுக்கு நாம ரெண்டு பேரும் கூடப் போயி நிப்போம்.

பீர் முகம்மது: நிப்போம். பூ வாங்கிட்டுப் போயி நிப்போம்.

மணிமொழி: ஒரு நிமிஷம், போன். ...சொல்லுங்கக்கா. ...ரெண்டு பேருமா? ...சரி, இருங்க, இங்கதான் நிக்கறாங்க. பாய், வந்ததுலேருந்து கடை வாசல்ல எதைக் காணோம்னு பார்த்தீங்களா?

பீர் முகம்மது: எதைக் காணோம்?

மணிமொழி: என் வெள்ளைக் காரை. பத்து மணிக்கு டெஸ்ட்டு. ரசியாக்காவும் மருதேவியக்காவும் அதுலதான் போயிருக்காங்க, கூட என் தம்பி இளஞ்செழியன். முடியற வரைக்கும் உங்களை இங்கயே நிறுத்தி வைக்கச் சொன்னாங்க. அதுக்குத்தான் மூணு மெஷினையும் மூணு தடவை சொன்னேன்.

ஜெயபால்: இன்னிக்கே போயி ஸ்கேனர் வாங்குங்கன்னு மருதேவிதான் காலையில துரத்தினா...

பீர் முகம்மது: ரசியாவும்தான். ஒருத்தர் ஓட்டறது இன்னொருத்தருக்குத் தெரியுமா?

மணிமொழி: நீங்க ரெண்டு பேரும் தீபம் முடியட்டும், தீபம் முடியட்டும்னு சொல்லிட்டே இருந்தீங்களாம். ஞாயித்துக்கிழமை நீங்க வண்டி கழுவற நேரத்துல, அவங்க என் கார்ல சேர்ந்து ஓட்டறாங்க. ஒருத்தருக்கு ரிவர்ஸ், ஒருத்தருக்கு மேடு, மாத்தி மாத்திக் கத்துக் குடுத்துக்கிட்டாங்க. ரெண்டு பேரும் பாஸ். இப்போ ரசியாக்கா ஓட்டிட்டு வர்றாங்க, போன்ல மருதேவியக்கா. பாய், உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொல்றாங்க. டெஸ்ட்டு எடுத்த இடத்துலேருந்து டேஷ்போர்டு மேல டீ கிளாஸ் வெச்சிக்கிட்டு வர்றாங்களாம். ஒரு சொட்டு சிந்தலியாம்.

பீர் முகம்மது: ...அரை கிளாஸா, முழு கிளாஸா, கேளும்மா.

மணிமொழி: முழு கிளாஸாம் பாய். உங்களுக்குத்தான் வாங்கிட்டு வர்றாங்களாம்.

வெள்ளைக் கார் கடை வாசலில் வந்து அசைவின்றி நின்றபோது நேரம், நண்பகல் பன்னிரண்டு மணி பதினேழு நிமிடம்.